48,500 ரூபாய் போச்சு: பழைய காரை வின்டேஜாகப் பதிவு செய்யப் போகிறவர்கள் படிக்கவும்

ஏமாந்துவிட்டேன் என்பது நேற்று சாயங்காலம்தான் உறுதியானது, இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் 1973 மார்க் 2 அம்பாசிடரை வின்டேஜ் வண்டியாகப் பதிவு செய்து இன்சூரன்ஸும் போட்டுத் தருகிறோம் என்ற ஒரு ஆன்லைன் சேவையிடம் 48,500 ரூபாயைக் கொடுத்துவிட்டு நிற்கிறேன். பழைய வண்டிகளுக்கு மட்டும் பேப்பர் வேலை பார்க்கிறார்களாம். பெயர் இப்போதைக்கு வேண்டாம்.

விவரம் தெரியாமல் போய் விழவில்லை, அதுதான் எரிச்சல். 2021 ஜூலையில் வந்த விதியை நானே படித்திருந்தேன்: 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும், ஷாசி, பாடி, இன்ஜினில் கை வைத்திருக்கக் கூடாது, புதுப் பதிவுக்கு 20,000 கட்டணம், பதிவு 10 வருஷம் செல்லும். அந்தச் சேவையிலிருந்து பேசிய ஆளும் இதையே வரி பிசகாமல் சொன்னான். வீடியோ காலில் பானெட்டைத் திறக்கச் சொல்லி, துணியால் துடைத்து ஷாசி நம்பரைக் காட்டச் சொல்லி, "டீசல் இன்ஜின் மாத்தாம பெட்ரோலையே வெச்சிருக்கீங்களே, பெரிய விஷயம் சார்" என்றான். அப்புறம், "அப்பா வண்டியா? அப்போ அந்த நம்பரை விடவே கூடாது சார்." அந்த ஒரு வார்த்தையில் கவிழ்ந்தேன். அன்று ராத்திரியே பணம் அனுப்பினேன். கட்டணம் 20,000, இன்சூரன்ஸ் 14,500, பழைய நம்பரைத் தக்கவைக்க 9,000, சர்வீஸ் சார்ஜ் 5,000.

ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம் என்று அதே விதியில் இருக்கிறது, 'விஏ' என்ற எழுத்து வரும் புது நம்பர் வரிசை புதுப் பதிவுக்குத்தான். அதற்கு எதற்கு 9,000? அந்த நேரத்தில் கேட்கத் தோன்றவில்லை.

பாலிசி பிடிஎஃப் பத்தே நிமிஷத்தில் வந்தது. பதிவுக்கு மட்டும், "சட்டத்துலயே 60 நாள் டைம் இருக்கு சார்." உண்மைதான், இருக்கிறது! விதியைக் காட்டியே இரண்டு மாதம் ஓட்டினான். அப்புறம் சர்வர் டவுன், கமிட்டி இன்னும் உட்காரவில்லை, "ஃபைல் மூவ் ஆயிட்டிருக்கு." விண்ணப்ப எண் கேட்டால் ஒரு கும்பிடு ஸ்டிக்கர். அவர்கள் தளத்தில் புகார் போட்டேன், மறுநாள் 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டார்கள். யாருக்குத் தீர்ந்தது?

நேற்று அரசின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தால் இன்சூரன்ஸ் காலாவதி என்கிறது. பிடிஎஃப்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வண்டி எண் இருக்கும் வரி மட்டும் மற்ற எழுத்தைவிடக் கொஞ்சம் தடிமனாக, ஒரு முடி கீழே இறங்கி நின்றது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன் போட்டால் அந்தப் பெண், "சார், இது டூவீலர் பாலிசி" என்கிறார். யாருடைய ஸ்கூட்டரோ! 1,489 சிசி வண்டிக்கு 2022-ல் அறிவித்த மூன்றாம் நபர் (நம் வண்டி இடித்து அடுத்தவருக்கு ஆகும் பாதிப்புக்கான) பிரீமியமே 3,416 ரூபாய்தான், வின்டேஜாகப் பதிவானால் அதிலும் பாதி. நான் கொடுத்தது 14,500. இந்தக் காகிதத்தை நம்பி அம்மாவை இரண்டு தடவை கோயிலுக்குக் கூட்டிப் போயிருக்கிறேன், வழியில் யார் மேலாவது இடித்திருந்தால்? தினமும்கூட ஓட்டலாம் என்றானே, அதுவும் பொய். வின்டேஜ் பதிவு கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு இதற்கெல்லாம்தான்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், மனசு ஓடவில்லை. அரசின் பரிவாகன் தளத்தில் நீங்களே விண்ணப்பியுங்கள், கட்டணத்தையும் அங்கேயே கட்டுங்கள். பாலிசி எண்ணைக் கம்பெனியில் கேட்டுச் சரிபார்க்காமல் சாவியைத் தொடாதீர்கள். பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், என்னைப் போல இரண்டு மாதம் உட்கார்ந்திருக்காதீர்கள்.

48,500 ரூபாய். காலையில்கூட அந்த நம்பரிலிருந்து மெசேஜ்: "சார், இன்னும் 3,000 போட்டா இந்த வாரமே முடிச்சிடலாம்." ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்புகிறேன்.