வெயில் வராத குளிரறைக்கு எந்தச் செடி? குன்னூர் வீட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெயிலே எட்டிப் பார்க்காத, மார்கழியில் ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார முடியாத அறைக்கு ஒரே ஒரு செடிதான் வாங்க முடியும் என்றால் அஸ்பிடிஸ்ட்ரா என்ற கரும்பச்சை இலைச்செடியை வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடுதல், தேடவும் வேண்டியிருக்கும். இருந்தாலும் அதுதான்.

எங்கள் வீடு குன்னூரில் வடக்குப் பார்த்த சரிவில் இருக்கிறது. கனமான கல் சுவர், சின்ன ஜன்னல்கள், வெளியே வரிசையாக சில்வர் ஓக். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் பகல் முழுக்க மூடுபனிதான். தை மாதக் காலையில் ஹாலில் மாட்டியிருக்கும் தெர்மாமீட்டர் 13 டிகிரி காட்டும்.

இப்படிப்பட்ட அறைக்கு யூடியூப் பட்டியல்கள் உதவாது. வெளிச்சம் குறைந்த இடத்துக்கு என்று தேடினால் வருவது எப்போதும் அதே நான்கு பேர்: இசட்இசட் பிளான்ட், ஸ்நேக் பிளான்ட், மணி பிளான்ட், பீஸ் லில்லி. சென்னைக்கும் மதுரைக்கும் அது நல்ல பட்டியல். ஆனால் நான்குமே வெப்ப நாட்டுச் செடிகள். இசட்இசட் கிழக்கு ஆப்பிரிக்கா, ஸ்நேக் பிளான்ட் மேற்கு ஆப்பிரிக்கா, மணி பிளான்ட் பசிபிக் கடலில் இருக்கும் மோரேயா தீவு, பீஸ் லில்லி அமெரிக்க வெப்பமண்டலக் காடு. அறை கதகதப்பாக இருக்கும்வரை இருட்டைப் பொறுத்துக்கொள்ளும். 15 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுபோகும். வேர் தண்ணீர் குடிக்காது, தொட்டி மண் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும், மண்ணில் காற்று இல்லாமல் வேர் அழுகும். குளிரறையில் செடி சாவது பெரும்பாலும் குளிரால் அல்ல, அந்த ஈரத்தால்தான்.

டவுனில் ஒரு கடையில் வாங்கிய பீஸ் லில்லி அப்படித்தான் போனது. தொட்டியிலிருந்து உருவிப் பார்த்தால் மண்ணே இல்லை, வெறும் தேங்காய் நார்த்தூள். சமவெளி வெயிலில் தண்ணீரைப் பிடித்துவைக்க அது தேவைதான். அதே தொட்டியை மலைக்குக் கொண்டுவந்து மாற்றாமல் விற்பதுதான் எனக்கு ஆத்திரம். மலையில் விற்கிற வீட்டுச் செடிகளில் பல ஆந்திராவில் ராஜமுந்திரி பக்கம் இருக்கும் கடியம் போன்ற இடங்களில் வளர்ந்து லாரியில் ஏறி வருபவை. அதனால் எந்தச் செடியைக் கையில் எடுத்தாலும் கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இது இங்கே ஒரு குளிர்காலம் தாண்டியதா?

அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொன்னது கோத்தகிரி சாலையில் இருக்கும் ஒரு சின்ன நர்சரிக்கார அம்மாதான். பெயர்ப்பலகைகூட இல்லாத இடம். நான் விலை கேட்பதற்கு முன்பே, "ஜன்னல் எந்தப் பக்கம் கண்ணு? பகல்ல லைட் போடாம பேப்பர் படிக்க முடியுமா?" என்று கேட்டார். படிக்க முடியும் என்றால்தான் அந்த இடத்தில் செடி, முடியாவிட்டால் எல்இடி பல்பு போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். அழகான இசட்இசட் ஒன்றை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, "அது உங்க வீட்டுக்கு வேண்டாம்" என்று தடுத்து, பின்னாலிருந்து அஸ்பிடிஸ்ட்ரா தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஐந்து இலைக்கு 650 ரூபாய். வருடத்துக்குச் சில இலைகள்தான் விடும் செடி என்பதால் அந்த விலை நியாயம்.

அஸ்பிடிஸ்ட்ராவின் சொந்த ஊர் ஜப்பானின் தெற்குத் தீவுகளும் தைவானும். காட்டு மரங்களுக்கு அடியில், நிழலிலேயே வளர்வது. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், கேஸ் விளக்குப் புகையும் குளிரும் இருட்டும் நிறைந்த வரவேற்பறைகளில் தாக்குப்பிடித்துப் பெயர் வாங்கியது. ஜப்பானில் மதிய உணவுப் பெட்டியில் பதார்த்தங்கள் ஒன்றோடொன்று கலக்காமலிருக்க இந்த இலையை வெட்டி நடுவில் வைக்கும் வழக்கம் உண்டு. வாழை இலையில் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு அது சட்டென்று பிடித்துப்போகும்.

புது இலை வருவதைப் பார்க்க வேண்டும். தண்டு என்று ஒன்று வெளியே கிடையாது. மண்ணுக்குள் கிழங்கு படுத்திருக்கும், அதிலிருந்து ஒவ்வொரு இலையும் தனித்தனியாக, இறுக்கிச் சுருட்டிய குழல்போல நிமிர்ந்து வரும். சில நாள் அப்படியே நிற்கும். பிறகு ஒரு ஓரம் மட்டும் விலகும், உள்ளே இளம்பச்சையில் நீளவாட்டு நரம்புகள் தெரியும். முழுதாக விரிந்து கரும்பச்சை ஆகப் பல வாரம் எடுத்துக்கொள்ளும். பூவும் உண்டு. மண் மட்டத்திலேயே, ஊதாநிறத்தில், சின்னக் கிண்ணம்போல. இலைகளை விலக்கிக் குனிந்து பார்க்காவிட்டால் பூத்ததே தெரியாது.

பராமரிப்பு சுலபம். விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். மழைக்காலத்தில் இரண்டு மூன்று வாரம் ஊற்றாமலே போகும். செம்மண், ஆற்றுமணல், இலைமக்கு கலந்த மண் போதும். மாதம் ஒருமுறை ஈரத்துணியால் இலையைத் துடைத்துவிடுங்கள். இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் தூசி தின்றுவிடக் கூடாது. நேர்வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், இலை வெளுத்துக் கருகும். நாய், பூனை கடித்தாலும் விஷமில்லை.

அடுத்த இடம் கிளைவியாவுக்கு. தென்னாப்பிரிக்கக் காட்டு நிழலில் வளர்வது, ஆரஞ்சு நிறத்தில் கொத்தாகப் பூக்கும். சில வாரம் 10 டிகிரி பக்கம் குளிர் கிடைத்தால்தான் நன்றாகப் பூக்கும். சமவெளியில் எவ்வளவு உரம் போட்டாலும் கிடைக்காத அந்தக் குளிர் இங்கே இலவசமாகக் கிடைக்கிறது. ஜன்னலுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வையுங்கள். கிழங்கும் இலையும் விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

பார்லர் பாம் என்ற சின்னப் பனை வகை நன்றாகத் தாங்குகிறது. ஸ்பைடர் பிளான்ட்டும் சரி, ஆனால் இருட்டில் இலை மெலிந்து தொங்கும். ஐவி என்ற கொடிக்குக் குளிர் ரொம்பப் பிடிக்கும், வெளிச்சம்தான் இன்னும் கொஞ்சம் கேட்கும். மணி பிளான்ட் வைத்தே ஆக வேண்டுமென்றால் சமையலறையில், அடுப்புச் சூடு படும் பக்கமாக வையுங்கள்.

வாங்குவதற்கு நல்ல நேரம் சித்திரை, வைகாசி. மழையும் குளிரும் வருவதற்குள் வேர் பிடித்துவிடும். அஸ்பிடிஸ்ட்ரா கடையில் கிடைக்காவிட்டால், ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் இரண்டு இலையோடு ஒரு துண்டுக் கிழங்கு கேளுங்கள். தொட்டி நிறைந்திருந்தால் பிரித்துக் கொடுப்பதில் அந்தச் செடிக்கு ஒரு குறையும் வராது.