"கம்பெனி ஒரிஜினல்" என்று விற்கப்படும் கேனன் பேட்டரிகள்: முகூர்த்த சீசனுக்கு முன் ஓர் எச்சரிக்கை

சென்னையில் ஒரு கேமரா உபகரணக் கடையில் எங்கள் குழுவுக்கு ஒரிஜினல் என்று சொல்லி விற்கப்பட்ட இரண்டு எல்பி-இ6என்எச் பேட்டரிகளும் போலி. ஒன்றின் விலை 2,600 ரூபாய். எம்ஆர்பியில் பாதிகூட இல்லையே என்று கேட்டதற்கு "பல்க்ல எடுத்தோம் சார், அதான் இந்த ரேட்டு" என்று பதில் வந்தது. பெட்டி, பளபளக்கும் ஹாலோகிராம், பிளாஸ்டிக் மூடி, மடித்து வைத்த கையேடு எல்லாம் கச்சிதமாக இருந்தன. பில்லில் மட்டும் மாடல் எண் இல்லை. "கேமரா பேட்டரி - 2" என்று எழுதியிருந்தார்கள்.

ஒரு கல்யாணத்தில் கேனன் ஆர்6 கேமராவில் பாதிக்கு மேல் சார்ஜ் காட்டிக்கொண்டிருந்த பேட்டரி, தாலி கட்டும் நேரத்தில் முன்னறிவிப்பே இல்லாமல் அணைந்தது. இரண்டாவது கேமரா ஓடிக்கொண்டிருந்ததால் காட்சி தப்பியது. கடைக்குக் கொண்டுபோனால், "சீல் பிரிச்சா எடுக்க மாட்டோம், பேட்டரிக்கு வாரண்டியும் கிடையாது" என்று முடித்துவிட்டார்கள். இதே பேட்டரிகள் இன்னும் பலர் கைக்குப் போயிருக்கும். அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில், ஹாலோகிராமை வைத்து முடிவு செய்யாதீர்கள். அச்சடிப்பதில் மிக எளிதானது அதுதான். போலி செய்பவர் காசு மிச்சம் பிடிப்பது உள்ளே மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் செல்லில். ஆகவே சோதனையும் செல்லைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

கடையிலேயே செய்யக்கூடியது எடை பார்ப்பது. எல்பி-இ6 வரிசைப் பேட்டரி சுமார் 80 கிராம் இருக்கும். நகைக்கடைத் தராசு தேவையில்லை, சமையலறை டிஜிட்டல் தராசே போதும். எங்களுக்கு வந்த இரண்டும் 65 கிராமைத் தொடவில்லை. 15 கிராம் குறைகிறது என்றால் அந்த அளவுக்குச் செல்லில் சரக்கு இல்லை என்று அர்த்தம். சிறிய எல்பி-இ17 என்றால் 45 கிராம் அளவில் இருக்க வேண்டும். சில போலிகளில் எடைக்காக வேறு எதையாவது திணித்திருப்பார்கள். எனவே எடை சரியாக இருப்பது மட்டும் சான்று ஆகாது. எடை குறைந்தால் மட்டும் சந்தேகமே வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து லேபிளில் ஒரு பெருக்கல். வோல்ட்டை, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் எம்ஏஎச்சால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால், மொத்த ஆற்றலைச் சொல்லும் வாட்-அவர் வரும். ஒரிஜினல் எல்பி-இ6என் பேட்டரியில் 7.2 வோல்ட், 1865 எம்ஏஎச்: பெருக்கினால் 13.4 வருகிறது, லேபிளில் 14 என்று முழு எண்ணாக இருக்கும். எல்பி-இ6என்எச் என்றால் 2130 எம்ஏஎச், 16 வாட்-அவர். 7.4 வோல்ட், 2650 எம்ஏஎச் என்று போட்டுவிட்டுப் பக்கத்திலேயே 14 வாட்-அவர் என்று அச்சடித்த பேட்டரிகள் கிடைக்கின்றன. கணக்குப்படி 19.6 வர வேண்டும். தன் லேபிளிலேயே முரண்படும் பேட்டரியின் எந்த எண்ணையும் நம்ப முடியாது.

பேட்டரியைக் கேமராவில் போட்டதும் திரையைக் கவனியுங்கள். பேட்டரியுடன் தொடர்புகொள்ள முடியவில்லை, இதில் கேனன் சின்னம் இருக்கிறதா என்று கேமரா கேட்டால், "ஓகே" கொடுத்துக் கடந்து போகாதீர்கள். அந்தக் கேள்வி வருவதே போலியைப் பிடிக்கத்தான். ஆனால் கேள்வி வரவில்லை என்பதால் ஒரிஜினல் என்றும் ஆகிவிடாது. தகவல் சிப்பை நகலெடுத்த போலிகள் சத்தமில்லாமல் ஏற்கப்பட்டுவிடும். எங்களுடையவை அந்த ரகம். மெனுவில் பேட்டரி விவரத்தில் ரீசார்ஜ் திறன் மூன்று பச்சைக் கட்டமாகவே தெரிந்தது.

நகல் சிப்புக்கும் அசைந்துகொடுக்காத சோதனை ஒன்று உண்டு. கேனன் எல்சி-இ6 சார்ஜர் கொடுப்பது 8.4 வோல்ட், 1.2 ஆம்பியர். 2130 எம்ஏஎச் பேட்டரி முழுக்கக் காலியாக இருந்து நிரம்ப, கடைசிவரை அதே 1.2 ஆம்பியர் போனால்கூட ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. முடியும் கட்டத்தில் மின்னோட்டம் தானாகக் குறைந்துகொண்டே போகும் என்பதால் நடைமுறையில் இரண்டரை மணி நேரத்தை ஒட்டி ஆகும். சார்ஜரின் ஆரஞ்சு விளக்கு பாதி நிரம்பும்வரை ஒரு தடவையும், முக்கால்வரை இரண்டு தடவையும், அதற்குமேல் மூன்று தடவையுமாக விட்டுவிட்டு மினுக்கும். முடிந்ததும் பச்சை. முழுக்கக் காலியான புதுப் பேட்டரி ஒரு மணி நேரத்தில் பச்சைக்கு வந்துவிட்டால், உள்ளே போனது அதிகபட்சம் 1200 எம்ஏஎச். எங்களுடைய இரண்டும் ஒரு மணி நேரம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் பச்சையாகிவிட்டன. "ஃபாஸ்ட் சார்ஜ் ஆகுதே" என்று சந்தோஷப்பட வேண்டிய விஷயம் இல்லை அது.

பல வகைப் பேட்டரிகளைச் சார்ஜ், டிஸ்சார்ஜ் செய்து அளவு காட்டும் ஹாபி சார்ஜர் (ஐமேக்ஸ் பி6 போன்றது) வைத்திருப்பவர்கள் நேரடியாகவே அளந்துவிடலாம். லித்தியம் அயான், இரண்டு செல் என்று தேர்வு செய்து, 0.4 ஆம்பியரில் 6 வோல்ட் வரை டிஸ்சார்ஜ் ஓட்டினால் எம்ஏஎச் திரையில் வரும். பிளஸ், மைனஸ் முனைகளை மட்டும் இணையுங்கள், நடுவில் உள்ளவற்றைத் தொட வேண்டாம். சோதனை முடியும்வரை பக்கத்திலேயே இருங்கள். லேபிள் அளவில் பத்து சதவீதம் குறைந்தால் பொறுத்துக்கொள்ளலாம். பாதி என்றால் மோசடி.

எந்தக் கருவியும் இல்லாதவர்களுக்கு: பேட்டரியை முழுக்க நிரப்பி, வைஃபை, ஸ்டெபிலைசேஷன் இரண்டையும் அணைத்து, மின்விசிறி ஓடும் அறையில் 1080 வீடியோ பதிவை ஓட்டிவிட்டு, அணையும் நேரத்தைக் குறியுங்கள். அதே கேமராவில், அதே அமைப்பில், கேமராவோடு பெட்டியில் வந்த பேட்டரியையும் ஓட்டி ஒப்பிடுங்கள். பதிவு அரை மணிக்கு ஒருமுறை நிற்கும் மாடல் என்றால் உடனே மறுபடி தொடங்க வேண்டும். பாக்ஸில் போட்டிருக்கும் "இத்தனை படம்" கணக்கு இதற்கு உதவாது. ஒரே எல்பி-இ6என் பேட்டரிதான் 80டி என்ற டிஎஸ்எல்ஆர் கேமராவில் 960 படம், ஈஓஎஸ் ஆர் என்ற மிர்ரர்லெஸ் கேமராவில் 370 படம் என்று கேனன் சொல்கிறது. கண்ணாடி வழியாகப் பார்க்கும் டிஎஸ்எல்ஆரில் சென்சாரும் திரையும் ஓய்வில் இருக்கும், மிர்ரர்லெஸ்ஸில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். டிஎஸ்எல்ஆரிலிருந்து மாறியவர்கள் பேட்டரி எண்ணிக்கையை இரட்டிப்பாக்கத்தான் வேண்டும், அவசரத்தில் மலிவு பேட்டரியில் போய் விழுவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

பாதி காட்டும்போதே ஏன் அணைகிறது? இந்தப் பேட்டரிக்குள் இரண்டு செல்கள் வரிசையாக இணைந்திருக்கும். ஒரிஜினலில் இரண்டும் ஒரே திறனுக்குப் பொருத்திப் பார்த்து எடுத்தவை. போலியில் கைக்கு வந்த இரண்டு, சில சமயம் பழைய பேட்டரியிலிருந்து பிரித்தவை. பலவீனமான செல் முதலில் காலியாகும், பாதுகாப்புப் பலகை மொத்தத்தையும் துண்டித்துவிடும். சிப்போ கற்பனையான கொள்ளளவிலிருந்து சதவீதத்தைக் கழித்துக்கொண்டிருக்கும். இதைவிட மோசமானது வெப்பநிலை உணரி. சார்ஜருக்குப் பேட்டரியின் சூட்டைச் சொல்ல வேண்டிய அந்தச் சிறு பாகத்துக்குப் பதிலாகச் சாதாரண ரெசிஸ்டர் ஒன்றை வைத்துவிடுகிறார்கள். பேட்டரி எவ்வளவு கொதித்தாலும் சார்ஜர் "எல்லாம் சரி" என்றே நினைத்து ஏற்றும். மண்டபத்து அறையில், துணிமணிகளுக்கு நடுவே, ஆள் இல்லாமல் சார்ஜ் போடும் பழக்கம் நம்மிடம் நிறையவே இருக்கிறது. தயவுசெய்து அதை விடுங்கள்.

ஒரிஜினல் வாங்கப் பணம் போதவில்லை என்றால் சொந்தப் பெயரில் விற்கும் வேறு பிராண்ட் பேட்டரியை எடுங்கள். அதில் தவறே இல்லை. 1800 எம்ஏஎச் என்று நேர்மையாகப் போட்டு, ஆறு மாதமோ ஒரு வருடமோ வாரண்டி எழுதித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். கேமரா மென்பொருள் அப்டேட்டுக்குப் பிறகு சில பிராண்டுகள் வேலை செய்யாமல் போகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், சீசன் நடுவில் அப்டேட் போடாதீர்கள். கேனன் பெயரைத் திருடி ஒட்டியவரைக் கேட்க ஆள் கிடையாது, தன் பெயரைப் போட்டவரையாவது கேட்கலாம்.

எந்தப் பேட்டரியானாலும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் "ஆர்" எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் பாருங்கள். லித்தியம் பேட்டரிக்கு ஐஎஸ் 16046 பதிவு இந்தியாவில் கட்டாயம். கடையில் நின்றபடியே "பிஐஎஸ் கேர்" செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தத் தயாரிப்பாளருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று வரும். இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி மூன்றும் பெட்டியில் இருக்க வேண்டும். எங்கள் பெட்டியில் இறக்குமதியாளர் ஸ்டிக்கரே இல்லை.

பில்லில் "கேனன் எல்பி-இ6என்எச், ஒரிஜினல்" என்று முழுசாக எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அங்கேயே விஷயம் முடிந்தது. பெட்டி பிரிப்பதை, எடை பார்ப்பதை, சார்ஜர் விளக்கை நேரத்தோடு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "சீல் பிரிச்சா வாபஸ் இல்லை" என்பது குறைபாடுள்ள பொருளுக்குச் செல்லாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(47)படி, பில்லில் கெடு எதுவும் எழுதாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராமல் விடுவதும் அப்படியே. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எங்கள் புகாரும் போயிருக்கிறது.

போலி என்று தெரிந்த பேட்டரியை "லைட்டுக்காவது ஆகும்" என்று வைத்துக்கொள்ளாதீர்கள், யாருக்கும் விற்காதீர்கள். முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி மின்கழிவு சேகரிப்பு இடத்தில் கொடுங்கள். குப்பைத்தொட்டி வேண்டாம், வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். உப்பிப்போய் கேமராவுக்குள்ளேயே சிக்கிக்கொண்டால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள், சார்ஜும் ஏற்றாதீர்கள். கேமராவை அணைத்து, பேட்டரி மூடியைத் திறந்தபடியே வைத்து, சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.