கேபிளை நிறுத்திவிட்டு ஓடிடிக்கு மாறுகிறீர்களா? எங்களுக்கு 4,800 ரூபாய் போனது

நேற்றிரவு தூக்கமே இல்லை. 4,800 ரூபாய். சீட்டு எடுத்த காசில் கட்டியது.

கேபிளுக்கு மாதம் 280 கொடுத்துக்கொண்டிருந்தோம். தெருவில் கரண்ட் போனால் படமும் போய்விடும். போன மாதம் வழக்கமாகப் போகும் செல்போன் கடையில், "எல்லா ஓடிடியும் ஒரே பேக், வருஷத்துக்கு 4,800. மாசம் 400தான்கா" என்றான் அங்கே வேலை செய்யும் பையன். கல்லாவில் முதலாளி உட்கார்ந்திருக்கும்போதே அவன் போனை நீட்டினான், நானும் ஜிபேயில் ஸ்கேன் செய்தேன். ரசீதில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று மட்டும்தான் இருந்தது.

அன்று மாலையே வீட்டுக்கு வந்து டிவியில் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தான். அம்மாவுக்கு எழுத்து சரியாகத் தெரியாது என்றதும், ரிமோட்டில் அழுத்த வேண்டிய பட்டன் மேல் சிவப்புப் பொட்டு ஒன்றை ஒட்டினான். "இத மட்டும் அமுக்குங்கம்மா, உங்க சீரியல் வந்துரும்." அந்தப் பொட்டைப் பார்த்துத்தான் நான் முழுசாக நம்பினேன். அம்மா காபி போட்டுக் கொடுத்தார். திரையில் முன்பின் தெரியாத நான்கு பேரின் பெயர்கள் வந்தன. கேட்டதற்கு, "கம்பெனி பேருக்கா, அப்படித்தான் வரும்" என்றான். அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும். மறுநாளே செட்டாப் பாக்ஸைத் திருப்பிக் கொடுத்தோம். "கொஞ்ச நாள் வெச்சுப் பாருங்கம்மா" என்று கேபிள் அண்ணன் சொன்னார், கேட்கவில்லை.

23 நாள் ஓடியது. அப்புறம் ஒவ்வொன்றாகப் பாஸ்வேர்ட் கேட்டது. யாரோ ஒருவரின் கணக்கைப் பல வீடுகளுக்கு விற்றிருக்கிறான். பாஸ்வேர்ட் மாறியதும் எல்லோரும் வெளியே. வேறு வீட்டாரோடு கணக்கைப் பகிரக் கூடாது என்று நெட்ஃபிளிக்ஸ் 2023 ஜூலையிலேயே இந்தியாவில் சொல்லிவிட்டது. எனக்கு இது நேற்றுத்தான் தெரியும்.

போன் செய்தால் "சர்வர் அப்டேட்கா", "சாயங்காலத்துக்குள்ள வந்துரும்", "டிக்கெட் போட்டாச்சு". பிறகு வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக் மட்டும். நேற்றுக் கடைக்கே போனேன். "அவன் வேலைய விட்டு நின்னுட்டான்மா. அது அவன் தனியா பண்ணது, கடைக்குச் சம்பந்தமில்ல" என்கிறார் முதலாளி, என் முகத்தைக்கூடப் பார்க்காமல். உங்கள் கல்லா முன்னால் நின்றுதானே ஐயா 4,800 ரூபாய் அனுப்பினேன்!

சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். கடை மேல் 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லப்போகிறேன்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் வரவில்லை. உங்கள் சொந்த நம்பருக்கு ஓடிபி வந்து திறக்காத கணக்கு எதையும் வாங்காதீர்கள். தனி ஆள் நம்பருக்குப் பணம் அனுப்பாதீர்கள். வருஷக் காசை மொத்தமாகக் கட்டாதீர்கள். செட்டாப் பாக்ஸை இரண்டு மாதமாவது வீட்டில் வைத்திருங்கள். அம்மா இன்று காலையிலும் அந்தச் சிவப்புப் பொட்டை அமுக்கிப் பார்த்துவிட்டு, "கரண்ட் இல்லையாடி?" என்று கேட்டார்.