குட்டைக்கு ரூபாய் மதிப்பு: சேதக் கணக்கா, மாற்றுச் செலவா?

எங்கள் ஆலையின் கழிவுநீர் ஈடிபியை (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை) தாண்டி, பின்புறமுள்ள, சம்புப் புல் வளர்ந்த குட்டையில் தெளிந்துதான் வெளியே போகிறது. அந்தக் குட்டை செய்யும் வேலைக்கு ரூபாயில் மதிப்புப் போடும் பொறுப்பு, கணக்குப் பிரிவில் இருக்கும் என்னிடம் போன வருடம் வந்தது. இரண்டு வழிகளைப் பார்த்தேன்.

முதலாவது சேதக் கணக்கு: தொழிலால் இயற்கைக்கு நேரும் சேதத்துக்குப் பண மதிப்புப் போடுவது. இதற்கு முன்னோடி, விளையாட்டுக் காலணியும் உடையும் விற்கும் பூமா நிறுவனம். 2010ஆம் ஆண்டில் தன் தொழிலால் இயற்கைக்கு நேர்ந்த சேதம் 14.5 கோடி யூரோ என்று 2011இல் வெளியிட்டது. அதில் 57 சதவீதம் தோல், பருத்தி போன்ற மூலப்பொருள் கிடைக்கும் இடத்திலேயே நேர்ந்தது. பூமாவின் சொந்த அலுவலகம், கிடங்கு, கடைகளின் பங்கு 6 சதவீதம்தான். எங்கே கை வைக்க வேண்டும் என்பதை இந்த முறை நன்றாகவே காட்டுகிறது.

ஆனாலும் நான் எடுத்தது மாற்றுச் செலவு முறை. இயற்கை செய்வதை இயந்திரத்தை வைத்துச் செய்தால் என்ன ஆகும் என்பதே கணக்கு. டெக்சாஸின் சீட்ரிஃப்ட் ஆலையில் 1990களின் நடுவில், போபாலை நாசமாக்கிய அதே யூனியன் கார்பைடு, கழிவுநீருக்காக 110 ஏக்கரில் சதுப்புநிலம் அமைத்தது. செலவு சுமார் 14 லட்சம் டாலர். சுத்திகரிப்பு நிலையம் கட்டியிருந்தால் 4 கோடி டாலர் ஆகியிருக்கும்.

என் முடிவுக்குக் காரணம் அந்த வித்தியாசம் அல்ல. ஒவ்வொரு வருடமும் அதே கணக்கை நம்பிப் போட முடியுமா என்பதுதான். பூமா ஒரு டன் கரியமில வாயுவால் ஆகும் சேதத்துக்கு 66 யூரோ என்று வைத்தது. அதை 100 ஆக்கினால், புகை ஒரு கிலோகூடக் கூடாமலே சேதம் ஏறிவிடும். மாற்றுச் செலவில் அந்தத் தொல்லை இல்லை. இயந்திரத்துக்கு மூன்று கொட்டேஷன், அப்புறம் கரண்ட், ரசாயனம், ஆபரேட்டர் சம்பளம், சேறு அள்ளும் கூலி. "இது எங்கிருந்து வந்தது?" என்று ஆடிட்டர் கேட்டபோது ஃபைலை எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வருடம் தொகை ஏறினால் காரணத்தை பில்லே சொல்லிவிடும்.

சரி, குறையும் உண்டு. குட்டை இல்லாவிட்டால் அந்த இயந்திரத்தை வாங்கியே ஆக வேண்டும் என்ற நிலை இருந்தால்தான் இந்தத் தொகை செல்லும். வெளியேற்றும் நீருக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு இருப்பதால் எங்களுக்குப் பொருந்தியது. குட்டைக்கு வரும் நாரைகளும் பக்கத்துக் கிணறுகளின் ஊற்றும் இதில் சேரவில்லை. சேராததால் அவற்றுக்கு மதிப்பில்லை என்று யாரும் படித்துவிடக் கூடாது என்பதற்காக, அறிக்கையிலேயே அதை எழுதி வைத்தேன். இதுவரை கையில் இருப்பது நல்ல மழை பெய்த ஒரே வருடத்தின் கணக்கு. சம்பு காய்கிற வருடத்தில் குட்டை எவ்வளவு தாங்கும் என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.