அம்மாவின் கூகுள் கோட் போன் கடை லாச்சிக்குள் போன கதை

வெள்ளவத்தையில் போன் வாங்குகிறவர்கள், முக்கியமாக வயதான அம்மா அப்பாவைத் தனியாகக் கடைக்கு அனுப்புகிற பிள்ளைகள், தயவுசெய்து இதை வாசியுங்கள்.

போன வருடம் அம்மாவுக்குப் புதுப் போன் எடுத்தோம். எனக்குக் கோட்டையில் வேலை, லீவு கிடைக்கவில்லை. அம்மா தனியாகத்தான் காலி வீதியில் இருக்கிற கடைக்குப் போனார். அங்கே நின்ற பெடியன் கூகுள் கணக்கைத் திறந்து, "இரண்டு அடுக்குப் பாதுகாப்பும் போட்டு விடுறன் அன்ரி, ஒருத்தரும் உள்ள வரேலாது" என்றிருக்கிறான். அதாவது, கடவுச்சொல்லோடு போனுக்குக் குறுஞ்செய்தியில் வருகிற ஒருமுறை இலக்கத்தையும் (கோட்) கூகுள் கேட்கும். புது சிம் இன்னும் வேலை செய்யத் தொடங்காததால் அந்தக் கோட் வரவில்லை. "இப்போதைக்குக் கடை நம்பரைப் போடுறன், பிறகு மாத்தலாம்" என்று சொல்லி 500 ரூபாயும் வாங்கிவிட்டான். அதற்குப் பிறகு ஒருவரும் மாற்றவில்லை. எனக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

இந்த வருடம் 100ஆம் இலக்க பஸ்ஸில் அம்மாவின் போன் களவு போனது. அடையாள அட்டையைக் காட்டி அதே இலக்கத்துக்கு சிம் எடுத்தோம். கடவுச்சொல்லும் சரி. ஆனால் திரையில், 47 இல் முடியும் இலக்கத்துக்குக் கோட் அனுப்பியிருக்கிறோம் என்று வந்தது. அம்மாவின் இலக்கம் முடிவது 12 இல். அப்போதுதான் அவர் மெதுவாக, "அந்தத் தம்பி கடை நம்பர் எண்டு ஏதோ சொன்னவன்" என்றார்.

கடைக்கு ஓடினேன். பெடியன் வேலையை விட்டுப் போய்விட்டான். முதலாளி லாச்சியை இழுத்து, ரப்பர் பாண்ட் சுற்றிய பழைய பட்டன் போன் ஒன்றை எடுத்தார். மெசேஜ் பெட்டியைக் கீழே தள்ளத் தள்ள, ஜி என்று தொடங்கி ஆறு இலக்கம், அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. அம்மாவுடையது ஒன்று. மற்றவை யாருடையவை? அவர்களுக்குத் தெரியுமா? நான் கேட்டதற்கு முதலாளி பதில் சொல்லவில்லை. "கோட் வேணுமெண்டால் 2,500 தாங்கோ, இது எங்கட சேவைதானே" என்றார். சண்டை பிடித்தேன். ஆனால் அப்பாவின் கடைசிப் படங்கள் எல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன. கொடுத்துவிட்டேன். இன்னும் மனம் ஆறவில்லை.

உள்ளே போய்ப் பார்த்தால் இன்னும் மோசம். கணக்கை மீட்கிற இலக்கமாகவும் கடை இலக்கமே இருந்தது. கடவுச்சொல் மறந்துவிட்டது என்று அழுத்தினால் அதற்கும் கோட் போவது அந்த லாச்சிக்குத்தான். எங்களுடையதல்லாத போன் ஒன்றும் கணக்கில் திறந்தபடி கிடந்தது. அதை உடனே வெளியேற்றினேன். உள்ளே போகும்போது கோட் வருகிற இலக்கம், கணக்கை மீட்கிற இலக்கம், இந்த இரண்டும் வேறுவேறு இடத்தில் இருக்கும். ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது. மீட்கும் இலக்கத்தை மாற்றினாலும், பழைய இலக்கத்துக்குக் கோட் அனுப்பும் வழியைக் கூகுள் 7 நாள் வரை திறந்து வைத்திருக்கலாம். அந்த ஒரு கிழமையும் நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குறுஞ்செய்திக் கோட் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒன்றுமில்லாததைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அது காப்பது சிம்மை வைத்திருப்பவரைத்தான். ரெடிட் என்ற இணைய உரையாடல் தளத்தின் நிறுவனத்துக்குள்ளேயே 2018இல் ஊழியர்களின் குறுஞ்செய்திக் கோட்டுகளை இடைமறித்து ஹேக்கர்கள் புகுந்தார்கள். அதனால் அம்மாவுக்கு இப்போது, குறுஞ்செய்தி இல்லாமல் போனுக்குள்ளேயே கோட் காட்டுகிற ஒதென்டிகேட்டர் செயலி போட்டிருக்கிறேன். 30 விநாடிக்கொருமுறை இலக்கம் மாறும், சிக்னலும் தேவையில்லை. போனே தொலைந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கூகுள் தருகிற 10 காப்புக் கோட்டுகளை எழுதி, அம்மாவின் காணி உறுதி இருக்கிற பைலுக்குள் வைத்தேன். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும்.

கணினிப் பாதுகாப்பைப் பார்க்கிற இலங்கை சேர்ட் அமைப்புக்கு 101 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். நானும் எழுதிக் கொடுக்கப் போகிறேன். அதுவரை அந்த லாச்சி அங்கேதான் இருக்கிறது. காலி வீதியில் யாராவது உங்களுக்குக் கணக்குத் திறந்து தந்திருந்தால், இன்றிரவே பாதுகாப்புப் பக்கத்துக்குப் போய் இரண்டு இடத்திலும் இருக்கிற இலக்கத்தைப் பாருங்கள். 47 இல் முடிந்தால் விடியும்வரை வைத்திருக்காதீர்கள்.