சென்னையிலிருந்து ரயிலில் வேலூர்க் கோட்டை: பல வருடங்களாகப் போய்வரும் அனுபவம்

சென்னையிலிருந்து காலையில் ரயிலேறி, நிதானமாகச் சுற்றிப் பார்த்து, இரவுக்குள் வீடு திரும்பக்கூடிய கோட்டை எது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் வேலூர் என்பேன். செஞ்சி அழகுதான், ஆனால் ரயிலில் போய் இறங்கும் ஊர் இல்லை. வேலூருக்குக் காட்பாடி இருக்கிறது. சென்னை - பெங்களூரு, சென்னை - கோவை ரயில்களில் பெரும்பாலானவை அங்கே நிற்கும். வெளியூரிலிருந்து உறவினர்கள் வந்தாலும் சரி, பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டாலும் சரி, எங்கள் வீட்டில் இந்தப் பயணம் பல வருடங்களாக நடந்துகொண்டிருக்கிறது. ரயில் நேரங்கள் மாறியிருக்கின்றன, டிக்கெட் எடுக்கும் முறை மாறியிருக்கிறது. ஆனால் ஒரு விஷயம் மாறவில்லை: வேலூர்க் கோட்டைக்கு ஒரு முழுநாள் கொடுத்தால்தான் அது தன்னைக் காட்டும். பொற்கோயிலுக்குப் போகும் வழியில் அரைமணி நேரம் எட்டிப்பார்த்துவிட்டு, ‘பெருசா ஒண்ணும் இல்லையே’ என்று சொல்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

முதலில் கிழமை. வெள்ளிக்கிழமை வேண்டாம், கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை போகலாம், ஆனால் மாலையில் பாதி ஊர் கோட்டைப் புல்வெளியில்தான் இருக்கும். எனக்குப் பிடித்தது செவ்வாய் முதல் வியாழன் வரை. மாதம் என்றால் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிய. வேலூர் வெயிலைப் பற்றி யாரும் மிகைப்படுத்திச் சொல்வதில்லை. மே மாதத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டுவது அங்கே சாதாரணம், கோட்டை முழுக்கக் கருங்கல் வேறு. வயதானவர்களைக் கோடையில் அழைத்துப் போகவே போகாதீர்கள்.

அடுத்து ரயில். போகும் ரயிலைவிட திரும்பும் ரயிலை முதலில் முடிவு செய்யுங்கள் என்பதுதான் என் அனுபவம் சொல்லும் பாடம். காலையில் சென்ட்ரலிலிருந்து வண்டிக்குப் பஞ்சமே இல்லை. விடியும் முன்பே கிளம்பத் தயார் என்றால் வந்தே பாரத், சதாப்தி. ஆறு மணியைத் தாண்டியதும் கோவை எக்ஸ்பிரஸ். ஏழரை மணியை ஒட்டி டபுள் டெக்கர், பிறகு பிருந்தாவன். மாலையில் அப்படியில்லை. பெங்களூரிலிருந்தும் கோவையிலிருந்தும் வரும் வண்டிகள் ஏற்கெனவே நிரம்பித்தான் காட்பாடிக்குள் நுழையும். முன்பதிவு இல்லாமல் நின்றுகொண்டே இரண்டு மணி நேரம் வருவது, நாள் முழுக்க நடந்த கால்களுக்குச் சரிப்படாது. நான் திரும்புவதற்கு எப்போதும் எடுப்பது பிருந்தாவன். மாலை ஏழு மணிவாக்கில் காட்பாடிக்கு வரும், ஒன்பதரைக்குள் சென்ட்ரலில் இறக்கிவிடும். அதற்குப் பிறகு கோவை எக்ஸ்பிரஸ் இருக்கிறது, ஆனால் அது சென்னையைத் தொடும்போது பதினொரு மணி ஆகிவிடும். நேரங்கள் அவ்வப்போது ஐந்து பத்து நிமிடம் மாறும் என்பதால் பதிவு செய்யும்போது ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வகுப்பு உட்காரும் இருக்கைக்கு ஒருவழிக்கு ஏறக்குறைய நூறு ரூபாய். முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து அறுபது நாள் முன்னதாகத்தான் திறக்கிறது, முன்பு போல நான்கு மாதம் முன்னால் போட்டுவைக்க முடியாது. இந்தப் பயணத்துக்கு அது ஒரு குறையே இல்லை. வாரநாள் என்றால் இரண்டு வாரம் முன்பு பார்த்தாலே பெரும்பாலும் இடம் கிடைத்துவிடும். போகும்போது மட்டும் முன்பதிவில்லாத பெட்டி போதும் என்று நினைப்பவர்கள் மொபைலிலேயே டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம். சூப்பர்ஃபாஸ்ட் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பலரும் கேட்பது. சென்னை கடற்கரையிலிருந்து வேலூர் கண்டோன்மென்ட்டுக்கு மெமு வண்டி ஒன்று உண்டு, 2024-இல் அதைத் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். டிக்கெட் விலை மிகவும் குறைவு. ஆனால் அது விடிகாலையில் அங்கிருந்து கிளம்பிச் சென்னைக்கு வரும், மாலையில் சென்னையிலிருந்து போகும். வேலூர்க்காரர்கள் சென்னைக்கு வந்துபோக அருமையான வண்டி. நமக்குத் திசை நேர்மாறாக இருக்கிறது.

காலை வண்டியில் ஜன்னலோரம் கிடைத்தால் தூங்கிவிடாதீர்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை இதுதான். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய அந்தப் பாதைதான் பின்னர் மேற்கே நீண்டது. அரக்கோணம் தாண்டியதும் வயல்களுக்கு நடுவே பாறைக் குன்றுகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். வாலாஜா ரோடு வந்ததும் கூட வந்திருப்பவர்களிடம் ஆற்காட்டைப் பற்றிச் சொல்வது என் வழக்கம். பாலாற்றுக்கு அந்தப் பக்கம், கொஞ்ச தூரத்தில்தான் ஆற்காடு. 1806 ஜூலை 10 காலையில், வேலூரில் சிப்பாய்கள் கிளர்ந்துவிட்டார்கள் என்ற செய்தி கேட்டு கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையோடு கிளம்பியது அங்கிருந்துதான். சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். அவர்கள் குதிரையில் விரைந்த தூரத்தை நம் வண்டி இருபது நிமிடத்துக்குள் கடந்துவிடும். காட்பாடியில் இறங்குவதற்குள் கதையின் முதல் பாதியைச் சொல்லி முடிக்க நேரம் சரியாக இருக்கும். மீதியைக் கோட்டையில் சொல்லிக்கொள்ளலாம். பிள்ளைகள் இருந்தால் இதைவிட நல்ல முன்னுரை கிடையாது.

எங்களுக்கு இந்தப் பயணம் இவ்வளவு பழகிப்போனதற்கு இன்னொரு காரணம் பெங்களூரில் இருக்கும் என் சித்தி குடும்பம். அவர்கள் காலை ஆறரைக்கு முன் அங்கே கிளம்பும் லால்பாக் எக்ஸ்பிரஸில் ஏறினால், நாங்கள் பிருந்தாவனில் வந்து இறங்கிய கொஞ்ச நேரத்தில் அவர்களும் காட்பாடிக்கு வந்துவிடுவார்கள். நடைமேடையில் காபி குடித்து முடிப்பதற்குள் இரண்டு குடும்பமும் ஒன்றாகிவிடும். மாலை ஐந்தரை வாக்கில் அதே லால்பாக் திரும்பி வரும்போது அவர்கள் ஏறிக்கொள்வார்கள். இரு ஊரிலும் யாருக்கும் ராத்தங்கல் ஏற்பாடு வேண்டாம், சமையல் கவலை வேண்டாம். சென்னையிலும் பெங்களூரிலுமாகப் பிரிந்து வாழும் குடும்பங்கள் ஒருமுறையாவது இதைச் செய்து பார்க்க வேண்டும்.

காட்பாடியிலிருந்து கோட்டை ஆறு ஏழு கிலோமீட்டர். ஸ்டேஷனுக்கு வெளியே பாகாயம் போகும் டவுன் பஸ் அடிக்கடி கிடைக்கும். அதில் ஏறி பழைய பஸ் நிலையத்தில் இறங்கினால் கோட்டை நடக்கும் தூரம்தான். நாலு பேர் என்றால் ஆட்டோ வசதி, ஏறும் முன் தொகையைப் பேசிக்கொள்ளுங்கள். சி.எம்.சி. மருத்துவமனைக்காக நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்திறங்கும் ஊர் என்பதால் பஸ்ஸில் வங்காளமும் இந்தியும் சகஜமாகக் கேட்கும். பாலாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது பெரும்பாலும் மணல்தான் தெரியும். 2021 நவம்பரில் அதே ஆறு இரு கரையும் தொட்டுப் பெருவெள்ளமாக ஓடியதை நினைத்தால் வியப்பாக இருக்கும்.

இனி கோட்டை. உள்ளே நுழைந்ததும் அருங்காட்சியகத்துக்கு ஓடாதீர்கள், முதலில் ஜலகண்டேஸ்வரர் கோயில். காரணம் எளிமையானது. மதியம் ஒரு மணி வாக்கில் நடை சாத்திவிடுவார்கள். அதோடு, வெயில் ஏறிய பிறகு வெறுங்காலோடு அந்தக் கல்தரையில் நடப்பது கடினம். பத்தரை மணிக்குள் உள்ளே போனால் நிதானமாக ஒன்றரை மணி நேரம் செலவிடலாம். அதற்கு ஈடான இடம் அது.

வாசலைக் கடந்ததும் இடப்பக்கம் இருக்கும் கல்யாண மண்டபத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பாயும் குதிரைகளும் யாளிகளும் ஒரே கல்லில் தூணோடு தூணாக எழுந்து நிற்கின்றன. சந்நிதிக்குப் போகும் அவசரத்தில் பலர் இதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். மண்டபத்துக்குள் நின்று கூரையை அண்ணாந்து பாருங்கள், ஒவ்வொரு தூணையும் சுற்றி வாருங்கள். குதிரையின் வயிற்றுக்குக் கீழே சின்னச் சின்ன வீரர்கள் நிற்பது நேரெதிரே நின்றால் தெரியாது. இந்த மண்டபத்தை அப்படியே பெயர்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோக வெள்ளைக்காரர்கள் திட்டமிட்டதாகவும், ஏற்றிப்போக வந்த கப்பல் மூழ்கிவிட்டதாகவும் ஊரில் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, மண்டபம் இங்கேயே இருப்பது நம் பாக்கியம்.

இந்தக் கோயிலில் நெடுங்காலம் மூலவர் இல்லை. போர்க்காலங்களில் ஆயுதக் கிடங்காகக்கூட இருந்திருக்கிறது. லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது. 1981-இல்தான் அதை மீண்டும் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். ‘சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு’ என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. முதலாவது இன்று பொய்யாகிவிட்டது. அந்த வருடம் சாமி திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்த பெரியவர்களை இன்றும் பிரகாரத்தில் சந்திக்கலாம். பேச்சுக் கொடுத்தால் உற்சாகமாகச் சொல்வார்கள்.

பிறகு மதில். விஜயநகர ஆட்சியில், பதினாறாம் நூற்றாண்டில் எழுந்த கோட்டை, 133 ஏக்கர். கருங்கல்லைச் செதுக்கிப் பொருத்திய இரட்டை மதிலும், அதைச் சூழ்ந்த அகழியும்தான் இதன் பெருமை. பல கோட்டைகளில் அகழி வெறும் பள்ளமாகத்தான் மிஞ்சியிருக்கிறது, இங்கே இன்னும் தண்ணீர் நிற்கிறது. ஏற அனுமதிக்கும் இடத்தில் மதில்மேல் ஏறி, வளைவுகளையும் கொத்தளங்களையும் பார்த்தபடி நடங்கள். 1806-இன் மீதிக் கதையை நான் இங்கேதான் சொல்வேன்.

நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடியை எடுக்க வேண்டும், காதணி கூடாது, புதுமாதிரித் தலைப்பாகை அணிய வேண்டும் என்று சென்னைப் படைத் தலைமை போட்ட உத்தரவு இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் இருவரையுமே புண்படுத்தியது. திப்பு சுல்தானின் குடும்பமும் அப்போது இதே கோட்டைக்குள் காவலில் இருந்தது. திப்புவின் மகள் ஒருவருக்குத் திருமணம் நடந்த மறுநாள், விடியும் முன்பே சிப்பாய்கள் எழுந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயப் படையினர் மாண்டார்கள், மைசூரின் புலிக்கொடி ஏறியது. கில்லெஸ்பி வந்து சேர்ந்ததும் கயிற்றைப் பிடித்து மதிலேறினார், பின்னால் வந்த பீரங்கிகள் வாசலை உடைத்தன. அதன்பின் நடந்தது படுகொலை. சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். 1857-இல் மீரட்டில் தொடங்கிய பெருங்கிளர்ச்சிக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே நடந்தது இது. சென்னை கவர்னராக இருந்த வில்லியம் பென்டிங்க் இதனால் திருப்பி அழைக்கப்பட்டார். நம் பிள்ளைகள் மீரட்டைப் படிக்கும் அளவுக்கு இதைப் படிப்பதில்லை என்பது எனக்கு ஆறாத குறை. கோட்டைக்கு வெளியே நினைவுத்தூண் இருக்கிறது. அங்கும் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பழைய பஸ் நிலையத்தைச் சுற்றியே சைவம், அசைவம் இரண்டும் கிடைக்கும். ஆம்பூர் பக்கத்தில் இருப்பதால் பிரியாணி ஏமாற்றாது. கோட்டைக்குள் தண்ணீர், கழிப்பறை வசதியை நம்பி இருக்காமல், சாப்பிடும் இடத்திலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள். உச்சி வெயில் நேரத்தை அருங்காட்சியகத்தில் கழியுங்கள். திப்பு மஹால், ஹைதர் மஹால் முதலிய கட்டடங்களில் பாதிக்கும் மேல் வெளியிலிருந்துதான் பார்க்க முடியும், அதற்கு அரைமணி போதும். 1846-இல் கட்டிய புனித யோவான் தேவாலயமும் பழைய மசூதியும் அதே வளாகத்தில்தான்.

நாலு மணிக்குக் கோட்டையை விட்டால், காட்பாடி போகும் வழியில் பாலாற்றங்கரையில் முத்து மண்டபத்துக்கு நேரம் இருக்கும். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் அடக்கமான இடம். நாயக்கர் வழி வந்தவர், 1815-இல் பிடிபட்டு, மறுவருடம் இங்கே கொண்டுவரப்பட்டு, 1832-இல் வேலூரிலேயே காலமானார். இலங்கையிலிருந்து வந்த நண்பர் ஒருவரோடு போனபோது அவர் அங்கே வெகுநேரம் பேசாமல் நின்றார். பொற்கோயிலையும் மருத்துவமனையையும் மட்டுமே கேள்விப்பட்டிருந்தவர் அவர். இலங்கை நண்பர்கள் வந்தால் இந்த இடத்தைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள், அரைமணி போதும்.

ஸ்ரீபுரம் பொற்கோயிலையும் அதே நாளில் சேர்க்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம். அது ஊருக்குத் தெற்கே, காட்பாடிக்கு எதிர்த்திசையில் இருக்கிறது. வரிசையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதைச் சேர்த்தால் கோயில் மண்டபமோ மதிலோ முத்து மண்டபமோ ஏதாவது ஒன்று போய்விடும். அங்கே போக இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வண்டிக்கு அரைமணி முன்பே காட்பாடியில் இருங்கள், பாலத்தில் மாலை நேர நெரிசல் உண்டு. வண்டி தாமதம் என்று மொபைலில் தெரிந்தாலும் பதற வேண்டாம், வேலூர் புதிய பஸ் நிலையத்திலிருந்து சென்னைக்கு இரவிலும் பஸ் கிடைக்கும். கிளம்பும் முன் நேதாஜி மார்க்கெட்டுக்குள் ஒரு நடை போய்வர நேரம் இருந்தால் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் ஒரு கிலோ வாங்கி வாருங்கள். எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்புக்கு அதை மிஞ்ச வேறு காய் இல்லை.