பிரெக்சிட்டுக்குப் பின்: நிரந்தர வசிப்புரிமையா, பிரிட்டிஷ் குடியுரிமையா?

2020 டிசம்பர் 31-க்கு முன்பே பிரிட்டனில் குடியேறிய போலந்து, ருமேனியா போன்ற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் தொழிலாளர்கள், பிரிட்டன் அந்த ஒன்றியத்திலிருந்து விலகியதால் (பிரெக்சிட்), அதுவரை விண்ணப்பம் ஏதுமின்றி அனுபவித்த உரிமைகளைக் காத்துக்கொள்ள, 2021 ஜூன் 30-க்குள் சிறப்புத் திட்டத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஐந்தாண்டு தொடர்ந்து வசித்தவர்களுக்கு அதில் நிரந்தர வசிப்புரிமை கிடைத்தது. அதற்குக் கட்டணமில்லை, தேர்வில்லை, வேலை, மருத்துவம், அரசு உதவி அனைத்துக்கும் தடையில்லை. ஆயினும் தொடர்ந்து ஐந்தாண்டு வெளிநாட்டில் தங்கினால் அவ்வுரிமை பறிபோகும். கையில் வைத்துக்கொள்ள அட்டைகூட வழங்காமல் இணையப் பதிவை மட்டுமே சான்றாக்கியது, என் பார்வையில், இத்திட்டத்தின் பெரிய குறை.

குடியுரிமைக்கோ 1,500 பவுண்டுக்கு மேல் கட்டணம், ஆங்கிலத் தகுதி, பிரிட்டிஷ் வாழ்க்கை பற்றிய தேர்வு ஆகியவை தேவை. பதிலுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். எத்தனை ஆண்டு வெளியே இருந்தாலும் திரும்பி வரலாம். இரட்டைக் குடியுரிமையைப் போலந்து தடுப்பதில்லை. நெதர்லாந்தோ பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆகவே பெற்றோரைக் கவனிக்க நெடுங்காலம் ஊர் திரும்ப நேரக்கூடிய போலந்துக்காரருக்குக் குடியுரிமைச் செலவு தகும். நெதர்லாந்துக்காரர் பலருக்கு வசிப்புரிமையே போதுமானது.